போதும் என்னும் கணக்கு

சித்திரபுரத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தம்பதியர் முன்கூட்டியே ஓய்வு பெற எண்ணினால், முதலில் கருத வேண்டியது வீடு. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, 58 வயதுக்கு முன்னரே ஓய்வூதியம் பெற்றால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைகிறது. இக்கணக்கைப் புறக்கணிப்பது வைராக்கியமன்று.

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் இல்லறம் துறக்கும் யாக்ஞவல்க்யர், மனைவியர் இருவருக்கும் உடைமையைப் பங்கிட முன்வருகிறார். மைத்ரேயியோ, அச்செல்வம் அமரத்துவம் தருமா என வினவுகிறாள். முன்னது கடமை, பின்னது விவேகம்.

ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து, 'கையில் எவ்வளவு?' என்பதோடு 'எதற்காக ஓய்வு?' என்றும் கேட்கட்டும். முதற்கேள்விக்கு விடை கிட்டும்வரை உழைப்பே வழிபாடு; இரண்டாவதற்கு விடையில்லையேல் ஓய்வும் பாரமே.