வக்காலத்து

அனலைதீவில் பத்தாம் வகுப்புக்குக் குடியியற் கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். "சேர், நாங்கள் தெரிஞ்சு அனுப்புறவர் எங்கட சொல்லுக்கு மாறாய்ப் பேசினால் அது துரோகமோ?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் இருந்ததைச் சொன்னேன். அவள் இருந்துவிட்டாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஆசிரிய கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவர். வக்கீல் என்ற சொல்லின் அரபுப் பொருளை அவரிடமே அறிந்தேன். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்தான் வக்கீல். நிக்காஹ் சபையில் வலி தன் சார்பில் ஒருவரை வக்கீலாக்கினால், சொன்ன மாப்பிள்ளைக்கு, சொன்ன மஹருக்கே அவர் ஒப்புக்கொடுக்கலாம். உங்களுக்கு இது தெரியாததல்ல. அந்த அளவுகோலின்படி, மாறிப் பேசுபவர் அமானிதத்தை மீறியவரே.

ஆனால் எங்கள் தீவுகளின் கதை ஒன்று இடறுகிறது. கரம்பனைச் சேர்ந்த சட்டத்தரணி வ. நவரத்தினம் தமிழரசுக் கட்சியின் தொடக்ககால உறுப்பினர். 1963 இடைத்தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; 1965 இல் மீண்டும் அனுப்பியது. அப்போது கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தோடு சேர்ந்திருந்தது. 1968 இல் ஆட்பதிவுச் சட்டமூலம் வந்தபோது அவர் எதிர்த்து நின்றார். 1948 இன் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரை அடையாள அட்டை இன்னும் நெருக்கும் என்பது அவர் அச்சம். கட்சியோடு முறிவு ஏற்பட்டது. தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1970 இல் தொகுதி அவரைக் கைவிட்டு, தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினத்தைத் தெரிந்தது. 2006 இல் கனடாவில் காலமானார்.

ஸ்பிரிங்பீல்ட் என்ற சிறு நகரத்து வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கனும் 1847 முதல் 1849 வரை காங்கிரசில் இருந்தபோது, மெக்சிக்கோ யுத்தத்தைக் கண்டித்து ஊரில் பலரது வெறுப்பைச் சம்பாதித்தார். அவர் 1860 இல் ஜனாதிபதியாகத் தெரிவானார். நவரத்தினம் மீண்டும் பாராளுமன்றம் போகவில்லை. ஆகவே வெற்றியை வைத்து நியாயத்தை அளக்க முடியாது.

வேறெதை வைத்து அளப்பது? நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் வழக்காடியவர் தலையில் விழும். பாராளுமன்றத் தீர்ப்பு அங்கே வக்காலத்துக் கொடுக்க வழியே இல்லாதவர் தலையிலும் விழும். அன்று நாடற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஊர்காவற்றுறையில் மட்டுமல்ல, எங்குமே வாக்கு இருக்கவில்லை. என் கட்சிக்காரன் சொன்னதை மட்டுமே சொல்வேன் என்று பிரதிநிதி இருந்துவிட்டால், அந்த மனிதனுக்காக எவர் வாய் திறப்பார்?

மனச்சாட்சியின் பேரில் விலைபோனவர்களும் உண்டல்லவா என்று கேட்பீர்கள். உண்டு. அதனால் இரண்டு நிபந்தனை வேண்டும். மாறுவதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சொன்னபின் அனுப்பியவர்களிடமே திரும்பி வந்து தீர்ப்புக் கேட்கவேண்டும். 1970 இல் அவர் வந்து கேட்டார். தோற்கடித்த எங்கள் பெரியவர்களையும் நான் குறைசொல்லேன். அது அவர்கள் உரிமை.

இதை இந்தச் சஞ்சிகையில் எழுதக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எங்கள் சார்பில் பேசுவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் எங்கள் பக்கத்துப் பிழையை அன்றே உரக்கச் சொன்னார்கள்? பேசினால் உயிருக்கு ஆபத்து என்பது உண்மை. அந்த அச்சம் நீங்கிய பின்னும் நீடித்த மௌனத்துக்கு அந்தக் காரணம் போதாது. அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு. கலாசாலையில் இரண்டு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தும், நண்பரிடம் அதைப்பற்றி நான் ஒருநாளும் வாய்திறக்கவில்லை.

மறுநாள் அந்த மாணவியிடம் சொன்னேன்: "பிள்ளை, எங்களுக்கு மாறாய்ப் பேசினாரோ எண்டு மட்டும் பார்க்காதை. ஆருக்காகப் பேசினார், எங்களுக்கு முன்னால வந்து பேசினாரோ எண்டும் பார்." அவள் குறித்துக்கொண்டாள். பரீட்சைக்கு அது வராது என்றும் சொல்லிவைத்தேன்.