பாடுபவர் பட்ட கடன்

ஒருவர் இயற்றிய பாடலை மற்றொருவர் பாடி அவையினரின் பாராட்டைப் பெறுகின்றார். பாடலைப் படைத்தவர் அங்கு இல்லை. பாடியவரோ கண்முன் நிற்கின்றார். கைதட்டல் கண்முன் நிற்பவரையே சென்று சேர்கின்றது. அதனை அவர் முழுவதும் தமதெனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது எனின், அவர் திருப்பிச் செலுத்த வேண்டியது யாது? இவ்வினா சட்டத்தைச் சார்ந்ததாகத் தோன்றினும், அடிப்படையில் அறத்தைச் சார்ந்ததே ஆகும்.

சிங்கப்பூரில் இவ்வினா எழும் இடங்களுள் ஒன்று ‘ஓப்பன் மைக்’ எனப்படும் எளிய மேடை. அங்கு நுழைவுச்சீட்டும் இல்லை, நடுவர்களும் இல்லை. பாட விரும்புவோர் தம் பெயரைப் பதிந்துவிட்டு, முறை வந்ததும் ஒலிவாங்கியின் முன் நின்று இரண்டொரு பாடல்களைப் பாடிச் செல்லலாம். பகலெல்லாம் அலுவலகத்திலோ கல்லூரியிலோ கழித்த இளைஞர் ஒருவர் கிட்டாரை மடியில் ஏந்தி அங்கு அமர்கின்றார். அவர் பாடுவது பெரும்பாலும் அவர் இயற்றிய பாடலன்று. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கடைதோறும் ஒலிக்கும் திரைப்பாடலாக இருக்கலாம். உலகறிந்த ஆங்கிலப் பாடலாகவும் இருக்கலாம்.

‘இரவல் பாட்டுப் பாடுவது ஒரு கலையா?’ என்று இகழ்வோர் உளர். இந்த அளவுகோலைக் கொண்டு அளப்பின் தமிழிசையிலேயே எஞ்சுவது மிகச் சிறிதாகும். கருநாடக இசையரங்கில் பாடும் வித்துவான் தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், கோபாலகிருஷ்ண பாரதியார் போன்றோரின் உருப்படிகளையே பெரிதும் பாடுகின்றார். கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்டது. இவர்களை இரவலர் என்று எவரும் கூறுவதில்லை. ஏன்?

அதற்குரிய காரணங்களுள் ஒன்று பாடலின் உள்ளேயே உள்ளது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதியில் தம் பெயரையும் தம் ஊராகிய சீகாழியையும் அமைத்துப் பாடினார். அப்பாடலுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். கீர்த்தனை இயற்றியோரும் இவ்வாறே தம் முத்திரையை இறுதியில் பொறித்தனர். எத்தனை நூற்றாண்டுகள் கடந்தாலும், எந்த நாட்டில் எவர் பாடினாலும், பாடல் முடியுமுன் படைத்தவர் பெயரை அவர் தம் வாயாலேயே சொல்லியாக வேண்டும். பாடுபவர் மறந்தாலும் பாடல் மறப்பதில்லை. கடனைத் திருப்பிச் செலுத்தும் முறையைக் கடனாகத் தந்த பொருளுக்குள்ளேயே வைத்துத் தந்தனர் முன்னோர்.

இன்றைய பாடலில் அத்தகைய முத்திரை இல்லை. ஆதலின் முன்னாளில் பாடல் செய்துவந்த பணியை இந்நாளில் பாடுபவர் செய்ய வேண்டியுள்ளது. ‘இப்பாடலை எழுதியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார்’ என்று கூற அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடமே இரவலுக்கும் திருட்டுக்கும் இடையே நிற்கும் வேலியாகும்.

இது மிகைக் கூற்று அன்று என்பதற்கு 2021ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று சான்றாகும். ‘கவுண்ட் ஆன் மீ சிங்கப்பூர்’ என்னும் நாட்டுப்பற்றுப் பாடலை ஹியூ ஹாரிசன் இயற்றினார். கிளமென்ட் சாவ் பாட, 1986இல் அது வெளிவந்தது. அந்த மெட்டும் பெரும்பாலும் அதே வரிகளும், சிங்கப்பூர் என வரும் இடங்களில் மட்டும் இந்தியா என்று மாற்றப்பட்டு, இந்தியாவில் பாடப்பட்டு வந்தது 2021 மார்ச் மாதம் வெளிச்சத்திற்கு வந்தது. கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு முதலில் சினம் கொள்ளவில்லை. பிறர் விரும்பிப் பாடுவதைப் பெருமையாகவே ஏற்றது. பின்னர், மும்பையைச் சேர்ந்த ஒருவர் அப்பாடலைத் தாமே 1983இல் இயற்றியதாக உரிமை கோரியபோதுதான் நிலைமை மாறியது. அமைச்சு அதனை மறுத்தது. சில நாள்களில் அவரும் தம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இங்கு நோக்கத்தக்கது மக்கள் உள்ளம் புண்பட்ட இடம் எது என்பதே. பிறர் பாடியதால் அது புண்படவில்லை. சொற்களை மாற்றியதைக்கூடப் பலர் பொறுத்தனர். படைத்தவர் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் வந்து அமர்ந்தபோதே அது புண்பட்டது. பாடலைப் பகிர்ந்துகொள்ளலாம், பெயரைப் பறித்துக்கொள்ளலாகாது என்னும் உணர்வு, சட்ட நூல் கல்லாதவர் நெஞ்சிலும் இயல்பாகவே உள்ளது.

சட்டமும் இவ்வுணர்வை நோக்கியே நடந்து வந்துள்ளது. 1987இல் தோன்றிய ‘காம்பஸ்’ என்னும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கத்திடம், இசை நிகழும் இடங்களை நடத்துவோர் கட்டணம் செலுத்தி உரிமம் பெறுகின்றனர். படைத்தவரின் கூலிக்கு இவ்வாறு வழி செய்யப்பட்டது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமோ, பிறர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர், சில விலக்குகள் நீங்கலாக, படைத்தவரின் பெயரைச் சுட்ட வேண்டும் என்னும் உரிமையையும் சேர்த்தது. கூலி வேறு, பெயர் வேறு. ஒன்றைக் கொடுத்ததனால் மற்றொன்று தீர்ந்துவிடாது என்பதைச் சட்டம் இப்போது ஏற்றுக்கொண்டது. திருக்கடைக்காப்பு இதனை எப்போதோ ஏற்றுக்கொண்டிருந்தது.

எனினும், பெயரைச் சொல்லிவிட்டால் கடன் முற்றும் தீர்ந்துவிடுமா? பாடுபவர் தம் பங்காக எதையும் தராது, ஒலிப்பதிவில் கேட்டதை மூச்சு பிசகாமல் ஒப்பித்தால் அது பாட்டாகாது. பலகுரல் வித்தையே ஆகும். இங்குத்தான் யாழ்ப்பாணரின் வரலாறு துணைக்கு வருகின்றது.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், அவர் யாழில் வாசிப்பதனாலேயே பதிகங்கள் உலகில் பரவுகின்றன என்று பெருமை பேசினர். அது கேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும் என்று சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தர் பாடினார், பாணரின் விரல்கள் தோற்றன. அவர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தரோ அதனைத் தடுத்து, கருவியில் அடங்கும் அளவிற்கு வாசித்து உடன்வருமாறு பணித்தார். யாழ்மூரிப் பதிகம் பிறந்த கதையாகப் பெரிய புராணம் கூறுவது இது.

இக்கதையில் இரண்டு அறங்கள் உள்ளன. தமக்கு உரியதல்லாத புகழ் தம்மிடம் வந்தபோது பாணர் அதனை மறுத்தார் என்பது ஒன்று. முழுமையாக இசைக்க இயலவில்லை என்பதற்காகக் கருவியை உடைக்க வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. முன்னது செருக்கிற்கு மருந்து; பின்னது தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து.

கிட்டாருடன் அமரும் இளைஞருக்கு இவ்விரண்டும் பொருந்தும். ஐம்பது வயலின்கள் முழங்கப் பதிவான பாடலை அவர் ஆறு தந்திகளில் அடக்க வேண்டும். கிட்டாரின் மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டவை. வீணையில் தந்தியை வெகுதூரம் இழுத்துப் பிறப்பிக்கும் கமகங்கள் அதில் எளிதில் கிட்டா. எதைக் கொள்வது, எதை விடுவது என்று அவர் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வே அவருடைய படைப்பு. ஆரவாரம் நீங்கிய பின் பாடலில் எஞ்சுவது என்ன என்பதை அவர் காட்டுகின்றார். பல முறை கேட்டுப் பழகிய பாடலின் துயரம் அப்போதுதான் முதன்முறையாகச் செவியில் படுவதும் உண்டு. அந்த அளவிற்குக் கைதட்டல் அவருக்கும் உரியதே.

‘நாட்டுப்பாடல்களுக்கு ஆசிரியர் உண்டா? தாலாட்டும் தெம்மாங்கும் பெயரின்றியே வாழவில்லையா?’ என்று கேட்கலாம். உண்மையே. ஆயின் அங்குப் பெயர் காலத்தால் கரைந்தது, எவரும் மறைக்கவில்லை. பாடிய ஒவ்வொருவரும் ஓரடி கூட்டியும் குறைத்தும் பாடியதால் அது ஊராரின் உடைமையாயிற்று. பெயர் தெரியாதபோது சொல்லாமல் விடுவது இயல்பு. தெரிந்தும் சொல்லாமல் விடுவதே குற்றம். தேடினால் தெரியும் என்றிருந்தும் தேடாமல் விடுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இன்று மிகப் பரவலாக உள்ள குற்றமும் அதுவே.

தமிழர் இவ்வகையில் நெடுங்காலம் கவனமின்றியே இருந்துள்ளனர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, டி. எம். சௌந்தரராசன் பாடிய பாடலை, திரையில் வாயசைத்தவரைக் கொண்டு ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்று கூறுவதே வழக்கமாயிற்று. 29 வயதில், 1959இல் மறைந்த அக்கவிஞர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் பாடல்களே. அவற்றைப் பிறர் பெயரால் அழைப்பது அறியாது செய்யும் பிழையாயினும் பிழையே ஆகும்.

இப்பிழை தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. தேசிய தினக் கொண்டாட்டங்களில் சீன, மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும் ‘முன்னேறு வாலிபா’ என்னும் தமிழ்ப் பாடலை அறியாத சிங்கப்பூரர் அரியர். அதனை 1960களில் இயற்றியவர் எஸ். ஜேசுதாசன் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? பாடல் எல்லா வீட்டிற்கும் சென்றது. பெயர் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. இந்நாட்டில் தமிழில் பாடல் இயற்றுவோர் எண்ணிக்கையில் சிலரே. அவர்தம் பெயரையும் மேடையில் சொல்லாது விட்டால், அடுத்து இயற்ற எண்ணும் இளைஞருக்குத் தமக்கு முன் இம்மண்ணில் ஒருவர் இருந்தார் என்பதே தெரியாமற் போகும். சென்னையிலிருந்து வருவதே பாட்டு என்று எண்ணி, அவர் தம் எழுதுகோலை மூடி வைத்துவிடக் கூடும். சொல்லாமல் விட்ட பெயரால் நேரும் பெரிய இழப்பு இதுவே. மறைந்தவர் இழப்பதினும் இனி வரவேண்டியவர் இழப்பது மிகுதி.

ஆகவே, ஒலிவாங்கியின் முன் நிற்பவர் பிறர் பாடலைப் பாடுவதற்கு நாண வேண்டுவதில்லை. படைத்தவர் பெயரைத் தேடி அறிந்து சொல்லட்டும். பிறகு தம் குரலில், தம் கருவிக்கு அடங்கும் அளவிற்குப் பாடட்டும். நாளை அவரே ஒரு பாடலை இயற்றி, அதனை வேறொருவர் வேறொரு மேடையில் பாடும் நாள் வரலாம். அன்று தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புவாரேல், இன்று பிறர் பெயரைச் சொல்லிப் பழகுதல் அவர் கடனாகும்.