துளைகளுக்கு இடையில்

எங்கள் தமிழையா இறந்த பிறகு அவர் வீட்டுத் தறியைப் பிரித்தார்கள். எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த, நெசவு வடிவத்துக்காகத் துளையிட்ட பழைய ஜக்கார்டு அட்டைகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு வெண்பா. அட்டை முழுக்கத் துளைகள். ஓர் எழுத்துகூட துளையில் விழாதபடி விலக்கி விலக்கி எழுதியிருந்தார். வகுப்பில் எத்தனையோ புலவர்களின் பாட்டைப் பாடிக் காட்டியவர், தாமும் பாட்டுக் கட்டுவதாக ஒருநாளும் சொன்னதில்லை. அந்த விலகல் என் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

எங்கள் ஊரான ஆரணியில் விடியும் முன்பே தெருநீளம் பாவு விரிப்பார்கள். அறுந்த இழைக்கு முடிபோட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனால் தாமதமாகிவிடும். ஐயா காரணம் கேட்கமாட்டார். விரலைப் பார்ப்பார், கஞ்சிப் பசை காய்ந்திருந்தால் உட்காரச் சொல்வார்.

ஐயாவை எண்ணும்போது, பாடியும் கற்பித்தும் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815–1876) நினைத்துக்கொள்கிறேன். தண்டியலங்காரம் கற்பதற்காக, திருச்சியில் பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பரதேசியின் பின்னாலேயே அலைந்தவர். பிறகு கடன்பட்ட நிலையிலும் மாணவர்களுக்குச் சோறு போட்டுக் கற்பித்தார். அவர் பாட்டுச் சொல்லச் சொல்ல, ஏட்டில் எழுதுகிறவர் கை ஓய்ந்துபோகுமாம். அப்படி வந்த தலபுராணங்களை இன்று விரிப்பவர் எத்தனை பேர்? 1871இல் அவரிடம் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், 1933, 34இல் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். பிள்ளையை நாம் அறிவது பெரும்பாலும் அந்த மாணவர் வழியாகத்தான்.

ஆகவே ஆசிரியர் விட்டுச்செல்வது மாணவரைத்தான் என்று முடித்துவிடலாம். திருவாவடுதுறையில் பிள்ளையின் கடைசி நேரத்தில் சாமிநாதையர் படித்ததும் பிள்ளையின் பாட்டல்ல, திருவாசகத்து அடைக்கலப்பத்து. அவ்வளவு பாடியவரே தம் பாட்டை விட்டுவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளவும் ஆசையாக இருக்கிறது.

ஆனால் அந்தத் துளைகள் குறுக்கே வருகின்றன. யாரும் படிக்க வேண்டாம் என்றிருந்தால் எழுத்து துளையில் விழுந்தால் என்ன? படிக்க வேண்டும் என்றிருந்தால் ஏன் தறி அட்டையில்? தாளுக்குப் பஞ்சமா, கூச்சமா, எழுதி முடித்த நிறைவே போதுமென்றிருந்தாரா? பிள்ளைக்கு ஒரு சாமிநாதையர் வாய்த்தார். ஐயாவிடம் படித்த நாங்கள் தறிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போனோம். தமிழைப் பிழையில்லாமல் எழுதுகிறோம். மாணவரே ஆசிரியரின் படைப்பு என்பது மாணவனான எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஐயாவுக்கும் அது போதுமானதாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.