சமத்துவமும் சமன்செய்தலும்

மனிதர் யாவரும் சமம் என்பது உயர்ந்த அறம். ஆயினும், அனைவர்க்கும் ஒரே நீதி வழங்குவது வேறு; அனைவரையும் ஒரே அளவுக்குக் குறைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்த சமுதாயம் எங்கே சென்று சேரும் என்பதை, அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹாரிசன் பெர்ஜரான்’ என்னும் சிறுகதை காட்டுகிறது.

கதை நிகழும் ஆண்டு 2081. அங்கே வலியவர் உடலில் பளுவைக் கட்டுகின்றனர். அழகியோர்க்கு முகமூடி இடுகின்றனர். அறிவுடையோர் காதில் பொருத்திய வானொலி அடிக்கடி பேரொலி எழுப்பிச் சிந்தனையைச் சிதறடிக்கிறது. தளைகளை அறுத்தெறிந்து, தொலைக்காட்சி நிலையத்தில் நடனமாடிய இளைஞன் ஹாரிசனை அரசு அதிகாரி சுட்டுக் கொல்கிறார். வீட்டிலிருந்து அதனைக் கண்ட தாய் கண்ணீர் வடிக்கிறாள். எதற்காக அழுதோம் என்பதையோ விரைவில் மறந்துவிடுகிறாள். அவள் அறிவு சராசரியானது. ஆதலால் அவளுக்குத் தளையே தேவைப்படவில்லை. பிறரைக் குறைப்பதற்கு அத்தகைய அறிவே அங்கு அளவுகோல்!

ஆகவே, அழிந்தது திறமை மட்டுமன்று. மகனுக்காக வருந்தும் ஆற்றலும் அழிந்தது. அநீதியை நினைவில் நிறுத்துவோர் இல்லாத நாட்டில் எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கும்? சமமாக்க வந்த அதிகாரி மட்டும் துப்பாக்கியேந்தி அனைவர்க்கும் மேலே நிற்கிறார். உண்மைச் சமத்துவம் நடக்க இயலாதவர்க்கு ஊன்றுகோல் தரும்; ஓடுபவரின் காலை ஒடிக்காது.