இடைகழியில் நான்காமவர்

சித்திரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் கள்ளழகரைச் சேவிக்க, உசிலம்பட்டிப் பகுதியினின்று வரும் அடியார்கள் தேனி நெடுஞ்சாலை வழியே காளவாசலைக் கடந்து மதுரையை அடைகின்றனர். கோடை மழை திடீரெனப் பொழியுமாகில், அவர்களுக்குப் புகலிடம் சாலையோர வீடுகளின் இறவாணமே. அவ்விடம் யாருக்கு உரியது? வீட்டாருக்கா, ஒதுங்கி நிற்பவருக்கா?

இதற்கு விடை திருக்கோவலூரிலே உள்ளது. தென்பெண்ணைக் கரையிலுள்ள அத்திவ்ய தேசத்தில், மழையிரவொன்றில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்தார்; மூவரும் நின்றனர். நான்காமவனாய் எம்பெருமானே புகுந்து நெருக்கினான். முதல் மூன்று திருவந்தாதிகளும் அந்நெருக்கத்திலே பிறந்தன. ஸ்வாமி தேசிகனும் தேஹளீச ஸ்துதியால் அப்பெருமானைப் போற்றினார்.

முதலில் வந்தவருக்கும் அவ்விடம் சொந்தமன்று என்பதே இங்கு நோக்கத்தக்கது. தமக்குக் கிடைத்ததையே அவர் பிறர்க்கும் பகிர்ந்தார். பட்டா பெற்ற இல்லறத்தானும் இப்பூமியில் சற்று முன்னே வந்த விருந்தினனே யன்றோ?

"அந்நியரை அண்டவிட்டால் களவு நேராதோ?" எனின், அவ்வச்சம் நியாயமே. ஆயின் இறவாணம் கதவுக்கு வெளியே உள்ளது. உள்ளே தாழிட்டுக்கொண்டும், வெளியே நிற்பவரை விரட்டாதிருக்கலாம். அஞ்சுபவனுக்கும் எளிதில் இயலும் அறம் இது.

இந்நாளில் திண்ணைகள் பெரிதும் மறைந்தன. எஞ்சியது ஒரு முழ நிழலே. அங்கு நெருங்கி நிற்பவருள் நான்காமவர் யாரென்பதை, விளக்கேற்றும் வரை ஆழ்வார்களும் அறிந்திலர்.