ஆர்கனும் அநித்தியமும்

ஆர்கன் வாத்தியம் மேல்நாட்டுத் தேவாலயங்களில் ஆராதனைக்கு உரியதாக நிலைபெற்றதற்கு அதன் கம்பீரம் ஒன்றே காரணம் என்று நான் எண்ணவில்லை. கிதாரின் தந்தியை மீட்டிய கணத்திலேயே அதன் நாதம் தேயத் தொடங்கிவிடுகிறது. பாடுகிறவரின் குரலோ மூச்சு உள்ளவரைதான் நிற்கும். ஆர்கனில் எழுப்பிய ஸ்வரம் மட்டும், கட்டையின்மேல் விரல் இருக்கும்வரை, ஏற்றமும் தேய்வும் இன்றி அப்படியே நிற்கிறது. ஜனன மரணங்களுக்கு உட்பட்ட மனிதன், நித்தியமான ஒன்றைத் துதிப்பதற்கு இத்தகைய வாத்தியத்தைத் தேடிக்கொண்டது இயல்பே. 1935-ல் அமெரிக்காவில் லாரென்ஸ் ஹாமண்ட் என்பவர், குழாயும் காற்றும் இல்லாமல், காந்தங்களின் முன்னே பல் சக்கரங்களைச் சுழலவிட்டு ஒலி எழுப்பும் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வைக்க வசதியில்லாத சிறு தேவாலயங்கள் பல அதை ஆவலுடன் வாங்கின.

பிரேசிலின் ரெசீஃபே நகரில் பிறந்த ஆர்கன் கலைஞர் வால்ட்டர் வான்டர்லியின் கையில் அதே ஹாமண்ட் ஆர்கன் முற்றிலும் வேறொரு தர்மத்தை ஏற்றுக்கொண்டது. கட்டையை அழுத்தும்போது அதில் 'டிக்' என்று எழும் சிறு ஓசையை அதைச் செய்தவர்கள் குறையாகவே கருதினார்கள். வான்டர்லியின் கத்தரித்த விரலடியிலோ அந்த ஓசையே தாளமாகிவிடுகிறது. எவ்வளவு நேரமும் நிற்க வல்ல ஸ்வரத்தை, அது முளைத்த மாத்திரத்தில் விரலை எடுத்து அவர் விட்டுவிடுகிறார்.

அவரும் பாடகி ஆஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோவும் 1966-ல் வெர்வ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சேர்ந்து பதிவு செய்த, போஸா நோவா என்னும் பிரேசில் இசைப்பாணியிலான ஆல்பத்துக்கு 'எ சர்ட்டன் ஸ்மைல், எ சர்ட்டன் சாட்னஸ்' என்று பெயர். 1963-ல் நியூயார்க்கில் பதிவான 'இபனேமாப் பெண்' என்ற பாட்டால் உலகப் புகழ் பெற்றுவிட்ட அந்த அம்மையாரின் குரலில் அசைவும் அலங்காரமும் மிகக் குறைவு. அதனாலேயே அதில் உணர்ச்சி இல்லை என்று குறை கூறினவர்கள் உண்டு. அந்த அம்மையார் பிறந்த பஹியா மாநிலத்துக்குப் போயிருக்கிறாயா என்று ஒரு பெண்ணைக் கேட்கும் டோரிவால் காயம்மியின் பாட்டும், துயரத்தை விடைபெற்றுப் போகச் சொல்லும் 'ட்ரிஸ்டேஸா' என்ற களியாட்டக்காலப் பாட்டும் இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. மற்றொருவர் நின்று நெகிழ்ந்து கேட்பவரைக் கலங்கச் செய்யக்கூடிய சொல்லின் முடிவில், இந்த அம்மையார் சுருதி பிசகாமல் அந்தச் சொல்லை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். இதை உணர்ச்சியின்மை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. துயரத்தையும் களிப்பையும் ஒருங்கே அறிந்து, இரண்டில் ஒன்றையும் பிடித்து வைத்துக்கொள்ள விரும்பாத சித்தத்தின் குரல் அது என்றே தோன்றுகிறது.

சொற்களைப் பிடித்து வைத்துக்கொள்ளாத இந்தக் குரல் கிறிஸ்தவ ஞானி அகஸ்டினை எனக்கு நினைவூட்டுகிறது. அவர், உயிர் நண்பன் இறந்த துக்கத்தைச் சொல்லும் 'கன்ஃபெஷன்ஸ்' நூலின் நான்காம் பாகத்தில், ஒவ்வொரு சொல்லும் ஒலித்து மறைந்து அடுத்த சொல்லுக்கு இடம் கொடுத்தால்தான் பேச்சு பூர்த்தியாகும் என்று விசாரம் செய்கிறார். ஆழ்ந்த உண்மை அது. ஆயினும், மறையும் பொருள்களில் இளைப்பாறுதல் இல்லையாதலால் மறையாத இறைவனிடமே ஆத்மா தங்க வேண்டும் என்று அவர் மேலே செல்லும்போது, நான் சற்றுத் தயங்கி நிற்கிறேன். நித்தியத்தைத் துதிக்கும் ஆலயங்களில் இடம்பெற்ற வாத்தியமே தன் ஸ்வரங்களை மனமுவந்து மறையவிட்டு, அந்த மறைவிலேயே இத்தனை நிறைவைத் தருமானால், அநித்தியத்தை முழுமையாக ஏற்றுக்கொள்வதும் ஒரு வழிபாடாக ஏன் ஆகக் கூடாது? ஆகும் என்பதே என் துணிபு.

சுமார் அரைமணி நேரமே ஓடும் இப்படிப்பட்ட சங்கீதத்தை விருந்துப் பேச்சுக்குப் பின்னணியாக ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது. அன்பர்கள் ஒரு தடவையேனும் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் அமர்ந்து, முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.