முகமிழந்த திருமுழுக்குத் தொட்டி

கல்லில் வடித்த புனித உருவம் ஒன்று சிதைந்து கிடக்கக் கண்டால் நம் மனம் நோகிறது. அந்த நோவு நியாயமானதே. ஆயினும் அது எவருக்காக எழுகிறது, எவருக்காக எழாமற்போகிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது அரிது. இங்கிலாந்து நாட்டின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில், லொடன் என்னும் சிற்றூரின் பங்கு ஆலயத்தில் பழைய கல்தொட்டி ஒன்றன்முன் நின்றபோது அக்கேள்வி நம்மைப் பற்றிக்கொண்டது.

நாம் அங்கே போனது தற்செயல். இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் கோடையில் வால்சிங்காம் அன்னையின் திருத்தலத்துக்குத் திரளாகப் பயணம் போவதை வாசக அன்பர்கள் அறிந்திருக்கலாம். அப்படியொரு பயணத்தில் சேர்ந்துகொண்ட நம்மை, விருந்தளித்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார் மறுநாள் லொடனுக்கு அழைத்துச் சென்றனர். மூவொரு இறைவன் பெயரால் எழுந்த பெரிய ஆலயம் அது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏழாம் ஹென்றி மன்னரின் அரசு வழக்கறிஞராயிருந்த ஜேம்ஸ் ஹோபார்ட் கட்டுவித்தது. இன்று ஆங்கிலிக்கன் சபையாருடையது.

தொட்டி எட்டுப் பட்டை உடையது. படிகளின்மேல் உயர்ந்து நிற்கிறது. எட்டுப் பட்டைகளிலும் ஒரு காலத்தில் மக்கள் இருந்தனர். இப்போது அவர்கள் இருந்த இடந்தான் இருக்கிறது. உளியோ கோடரியோ கொத்திச் சமனாக்கிய கரடுமுரடான கல். உற்று நோக்கினால் இங்கொரு தோள், அங்கொரு மடிப்பு என ஊகிக்கலாம். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அங்கு இருந்தவை யாவை என்பதில் ஐயமில்லை. நார்ஃபோக்கிலும் அடுத்துள்ள சஃபோக்கிலுமாக இத்தகைய தொட்டிகள் ஏறத்தாழ நாற்பது எஞ்சியுள்ளன. ஏழு பட்டைகளில் ஏழு அருளடையாளங்கள். எட்டாவதில் பெரும்பாலும் ஆண்டவரின் சிலுவைச் சாவு அல்லது யோர்தானில் அவர் பெற்ற திருமுழுக்கு. ஸ்லோலி, கிரெஷாம் ஆகிய ஊர்களில் இச்சிற்பங்கள் நன்கு பிழைத்திருக்கின்றன. குரு குழந்தையை ஆடையின்றி நீரில் அமிழ்த்துகிறார். ஆயர் கைக்குழந்தைக்கு உறுதிபூசுகிறார். கட்டிலில் கிடப்பவனுக்கு நோயில்பூசுதல் நடக்கிறது. வேதநூல் வாசிக்கத் தெரியாத உழவன் தன் பிள்ளையை ஏந்தி வரும்போது, அப்பிள்ளை பிறப்பிலிருந்து இறப்புவரை நடக்கவிருக்கும் வழி முழுவதையும் இந்த ஒரு கல்லைச் சுற்றிவந்தே கண்டுகொள்ளலாம். மறைக்கல்விக்கு இதனினும் நல்ல நூல் நமக்குத் தெரிந்து இல்லை.

லொடன் ஆலயத்தின் 1642-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு செலவு குறிக்கப்பட்டிருக்கிறது. ஆலயத்திலுள்ள உருவங்களைச் சிதைத்ததற்காகக் கண்ணாடி வேலைக்காரர் ஒருவருக்கு ஆறு ஷில்லிங். இத்தொட்டியின் உருவங்களும் அக்கூலியில் அடங்கும் என்று கொள்வது இயல்பே. வெறிகொண்ட கூட்டம் நுழைந்து உடைத்தது என்றால் நம் மனம் ஒருவாறு தேறும். இங்கே நடந்தது அதுவன்று. ஆலயத்தின் பொறுப்பாளர்களே ஆள் அமர்த்தி, வேலை முடிந்ததும் கூலி கொடுத்து, அதைக் கணக்கிலும் எழுதிவைத்தனர். சட்டத்துக்கும் மனச்சான்றுக்கும் இசையவே நடப்பதாக அவர்கள் எண்ணியிருப்பர்.

இதைக் கடிந்து எழுத நமக்கு முழு உரிமை இல்லை. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், நாம் பணியாற்றிய ஒரு பங்கில் பழைய திருமுழுக்குத் தொட்டியை வழிபாட்டுச் சீர்திருத்தத்தின் பெயரால் பெயர்த்தெடுக்கச் செய்தோம். அது உடைந்தது. வயதான தாய் ஒருவர், "எம் பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் அதுலதானே சாமி தண்ணி ஊத்துனாங்க" என்றார். நாம் அவருக்குத் திருச்சங்க ஏட்டிலிருந்து விளக்கம் சொன்னோம். அவர் கேட்டது விளக்கம் அன்று என்பது பின்னரே நமக்கு உறைத்தது.

இவ்வளவில் நின்றிருந்தால் இது இழந்த கலைச்செல்வத்தைப் பற்றிய இரங்கலாய் முடிந்திருக்கும். ஆனால் லொடன் ஊருக்கு அதற்கு முந்திய கதை ஒன்று உண்டு. 1428-க்கும் 1431-க்கும் இடையே நாரிச் மறைமாவட்ட ஆயர் வில்லியம் ஆல்னிக் தப்பறை விசாரணை நடத்தினார். ஏறத்தாழ அறுபது பேர் நிறுத்தப்பட்டனர். விக்ளிஃபின் வழிவந்த லொல்லார்டுகள் என்பது குற்றச்சாட்டு. அவர்களுள் ஒருத்தி ஹவிசியா மோன்; லொடன் ஊரைச் சேர்ந்த செருப்புத் தைப்பவரான தாமஸ் மோனின் மனைவி. 1430-இல் அவள் தன் கொள்கைகளைக் கைவிட்டு அளித்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இன்றும் கிடைக்கிறது. கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு நீரால் திருமுழுக்குத் தேவையில்லை. பாவத்தை இறைவனிடம் அறிக்கையிட்டாலே போதும். உருவங்களுக்கு வணக்கம் செலுத்தலாகாது. திருப்பயணம் போவதாயின் ஏழைகளிடமே போக வேண்டும். அவள் நம்பியவை இவை. வால்சிங்காம் போய்வந்த மறுநாளே இவ்வூரில் நின்ற நமக்கு அந்தக் கடைசிக் கருத்து சற்றுச் சுடவே செய்தது.

ஹவிசியா உயிர் தப்பினாள். அவள் தன் ஆசான்களுள் ஒருவராகக் குறிப்பிட்ட வில்லியம் ஒயிட் தப்பவில்லை. அவர் ஒரு குரு. 1428 செப்டம்பரில் நாரிச் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

ஏழு அருளடையாளத் தொட்டிகளை ஆராய்ந்து 1994-இல் நூல் வெளியிட்ட ஆன் நிக்கல்ஸ் அம்மையார், இத்தப்பறைக்கு மறுமொழியாகவே இக்கலை இப்பகுதியில் இத்தனை செழித்தது என்று வாதிடுகிறார். நமக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஹவிசியா மறுத்த ஒவ்வொன்றும் கல்லில் வடிக்கப்பட்டது. அதுவும் அவளுடைய ஊரிலேயே. அப்படியாயின் நிகழ்ந்தவற்றின் வரிசை என்ன? முதலில் ஒரு மனிதரை எரித்தோம். பிறகு நம் போதனையை அழகாகச் செதுக்கினோம். இருநூறு ஆண்டுகள் கழித்து வேறு சிலர் வந்து அச்செதுக்கலைக் கொத்தினர். நாம் கண்ணீர் விடுவது மூன்றாவதற்கு மட்டும்.

'எரித்தோம்' என்று தன்மையில் எழுதத் தயங்கினோம். தீர்ப்பளித்தவர் ஆயர்; தீயிட்டது அரசு என்று பிரித்துச் சொல்லக் குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். அப்பிரிவினையில் சட்டம் இருக்கிறது, ஆறுதல் இல்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தலைமையில் நடந்த திருப்பலியில், உண்மைக்குப் பணிபுரிவதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டப்பட்டது. ஆகையால் 'தோம்' என்றே விட்டுவைக்கிறோம்.

அதே ஆலயத்தில் இன்னொன்றும் உண்டு. பீடத்தையும் மக்கள் பகுதியையும் பிரித்த பழைய மரத்திரையின் அடிப்பலகைகளில் வண்ண ஓவியங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 1144-இல் இறந்த நாரிச் வில்லியம் என்னும் சிறுவனை யூதர்கள் கொல்வதாகக் காட்டுகிறது. அது பொய். கிறிஸ்தவச் சிறுவர்களை யூதர் பலியிடுகிறார்கள் என்று ஐரோப்பாவெங்கும் பரவி எத்தனையோ உயிர்களைக் குடித்த பழிச்சொல்லின் முதல் வடிவம் இச்சிறுவனின் கதையே. உளிக்கு இரையான தொட்டியில் அருளடையாளங்கள் இருந்தன. காலத்தைக் கடந்து நிற்கும் பலகையில் அவதூறு இருக்கிறது. உருவங்களைக் காப்பவர் நல்லவர், சிதைப்பவர் தீயவர் என்னும் எளிய கணக்கு இந்த ஆலயத்தினுள் செல்லாது. ஆறு ஷில்லிங் வாங்கியவர் அந்தப் பலகையையும் சேர்த்துக் கொத்தியிருந்தால் நாம் வருந்தியிருப்போமா? மெய்யாகச் சொன்னால், கலை போயிற்றே என்று அப்போதும் வருந்தியிருப்போம். அதுவே நம்மை அஞ்சவைக்கிறது.

கொத்தியவர்கள் உருவங்களைக் கொத்தினரேயன்றித் தொட்டியின் குழியைத் தகர்க்கவில்லை. 1645-இல் நாடாளுமன்றம் ஏற்ற வழிபாட்டு நெறி பழைய தொட்டிகள் நின்ற இடங்களில் திருமுழுக்குத் தரலாகாது என்றது. 1660-இல் மன்னராட்சி மீண்டதும் அத்தடை போயிற்று. இந்த இடைவெளியிலும் அவர்கள் திருமுழுக்கை விட்டுவிடவில்லை. வேறொரு பாத்திரத்தில் நீர் வார்த்து, அதே மூவொரு இறைவனின் பெயரைச் சொன்னார்கள். அந்தத் திருமுழுக்கு செல்லுமா? செல்லும். தொனாத்தியரோடு வாதிட்ட புனித அகுஸ்தினார் காலந்தொட்டு, தருபவன் எவனாயினும் திருமுழுக்குக் கிறிஸ்துவினுடையது என்பதே மேலைத் திருச்சபையின் போதனை. 1547 மார்ச்சில் திரெந்து திருச்சங்கம் அதை விதியாக்கியது: தப்பறையாளர் தந்ததேயாயினும், மூவொரு இறைவனின் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு தரப்பட்டால் அது உண்மைத் திருமுழுக்கே. அதே ஆண்டு கோடையில்தான் ஆறாம் எட்வர்டின் அரசு ஆலய உருவங்களை அகற்ற ஆணை பிறப்பித்தது.

குருமட வகுப்பில் இவ்விதியை மனப்பாடம் செய்தபோது அது வெறும் சட்ட நுணுக்கமாய்த் தோன்றியது. லொடனில் அதன் கனம் தெரிந்தது. எரித்த ஆயரும், எரிந்த குருவும், கல்லைக் கொத்தியவரும் ஒரே நீரில் பிறந்தவர்கள். நீரே தேவையில்லை என்ற ஹவிசியாவும் அதில் நனைந்தவளே. அவளை அந்நீரிலிருந்து வெளியேற்ற எந்த விசாரணையாலும் இயலாது.

அந்த முகங்களை மீண்டும் செதுக்கினால் என்ன என்று நம்மை அழைத்துச் சென்ற குடும்பத்து இளைஞன் கேட்டான். கைவல்ல சிற்பிகளும் மாதிரிக்குப் பிற ஊர்த் தொட்டிகளும் இருக்கின்றனவே என்றான். செய்யலாம், ஆனால் செய்துவிட்டால் அந்தக் கல் ஒரு பக்கத்தாரின் வெற்றியை மீண்டும் பேசத் தொடங்கிவிடும். இப்போது அது இரு பக்கத்தாரையும் பற்றிப் பேசுகிறது. இப்படித்தான் அவனுக்குப் பதிலுரைத்தோம். அவன் முழுதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாட் காலையில் அவர்கள் இல்லத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் குரு வில்லியம் ஒயிட்டின் பெயரையும், ஆயர் வில்லியம் ஆல்னிக்கின் பெயரையும் சொல்ல முந்திய இரவே முடிவு செய்திருந்தோம். எவர் பெயரை முதலில் சொல்வது என்று மட்டும் எண்ணிப்பார்க்கவில்லை. அவ்விடம் வந்ததும் சற்று நேரம் பேச்சின்றி நின்றோம்.